நான்கு முறை பெயர் மாறிய கடல்

ஐரோப்பாவின் வடபுறத்தில், ஒன்பது நாடுகளின் கரைகளுக்கு நடுவே சிறைப்பட்டுக் கிடக்கிறது பால்டிக் கடல். கடல் என்று பெயரே தவிர, அதன் நீர் வாயில் அவ்வளவாகக் கரிக்காது. பெருங்கடல் நீரில் ஆயிரம் பங்குக்கு 35 பங்கு உப்பு இருக்கும். பால்டிக்கின் நடுப்பகுதியிலோ மேல்மட்ட நீரில் ஏறத்தாழ 7 பங்குதான். வடக்கே போகப் போக அது 3 பங்கு வரை குறைந்துவிடும். அங்கே ஆற்று மீனும் கடல் மீனும் ஒரே வலையில் அகப்படுவது வியப்பன்று.

இந்தக் கடலுக்குப் பெருங்கடலோடு உள்ள தொடர்பு டென்மார்க்கை ஒட்டிய சில குறுகிய கால்வாய்கள் மட்டுமே. அவற்றில் ஒன்றின் அடித்தளம் நீர்மட்டத்திற்கு 8 மீட்டர் கீழே இருக்கிறது. மற்றொன்றில் 18 மீட்டர். இவ்வளவு மெல்லிய வாசல் சற்று மூடினாலும் திறந்தாலும் உள்ளே இருப்பது ஏரியா கடலா என்பதே மாறிவிடும் அல்லவா? அப்படித்தான் மாறியும் இருக்கிறது. பனியூழி முடிந்ததிலிருந்து இன்று வரை இந்த நீர்ப்பரப்பு ஏரியாகவும் கடலாகவும் மாறி மாறி இருந்திருக்கிறது. அறிவியலார் அதற்கு நான்கு பெயர்கள் வைத்திருக்கிறார்கள். யாரும் கண்ணால் பார்த்து எழுதி வைக்காத இந்த வரலாற்றைக் கடலடியில் படிந்த சேற்றிலிருந்து எவ்வாறு படித்தார்கள் என்பதை இங்குக் காண்போம்.

நீர் வற்றுகிறதா, நிலம் எழுகிறதா?

கதை சேற்றில் தொடங்கவில்லை, பாறையில் தொடங்குகிறது. வெப்பமானியின் அளவுகோலால் நாமெல்லாம் அறிந்த ஆண்டர்ஸ் செல்சியஸ் ஸ்வீடனைச் சேர்ந்த வானியலார். பால்டிக் கரையில் சீல் என்னும் கடல்நாய்கள் ஏறிப் படுக்கும் பாறைகள் உண்டு. அவற்றில் வேட்டையாடும் உரிமை குடும்பச் சொத்தாக விற்கப்பட்டும் வாங்கப்பட்டும் வந்தது. நீருக்குச் சற்றே மேலே நிற்கும் பாறைக்குத்தான் விலை. உயர்ந்து நின்றுவிட்டால் கடல்நாயால் ஏற முடியாது. முன்பு விலைபோன பாறைகள் பயனற்றுப் போனதைச் செல்சியஸ் பழைய ஆவணங்களில் கண்டார். 1731-ஆம் ஆண்டில் யேவ்லெ நகருக்கு அருகிலுள்ள ஒரு தீவின் பாறையில் அன்றைய நீர்மட்டத்தைக் கோடாக வெட்டி வைத்தார். கடல் நூறாண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்து வருகிறது என்பது 1743-இல் அவர் வெளியிட்ட முடிவு.

கடல்நீர் உலகெங்கும் வற்றி வருகிறது என்று அவர் எண்ணினார். சமயத் தலைவர்களுக்கு இது பிடிக்கவில்லை. உலகம் அவர்கள் கணக்கிட்டதைவிட மிகப் பழமையானது என்ற முடிவுக்கு அது இட்டுச் செல்லும் போலிருந்தது. யோஹான் புரோவாலியஸ் என்னும் பிஷப் 1755-இல் ஒரு மறுப்பு நூலே எழுதினார். ஆங்கிலேய நிலவியலார் சார்லஸ் லயல் 1834-இல் நேரில் வந்து இக்கரைகளைப் பார்த்தார். வடக்கே மாற்றம் மிகுதி, தெற்கே அனேகமாக இல்லை. நீர் வற்றினால் எங்கும் ஒரே அளவாக அல்லவா தாழ வேண்டும்? ஆகவே எழுவது நிலமே என்று அவர் ஒப்புக்கொண்டார். அதுவரை அவர் இதை நம்பவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

நிலம் ஏன் எழுகிறது? ஸ்காட்லாந்தின் தாமஸ் ஜேமிசன் 1865-இல் விடை கூறினார். பனியூழியில் நிலத்தின்மேல் கிடந்த பனிப்பாளத்தின் எடை நிலத்தை அழுத்தியிருக்க வேண்டும்; எடை நீங்கியதும் அது மெல்ல நிமிர்கிறது. வட ஐரோப்பாவைப் போர்த்தியிருந்த பனியின் தடிப்பு நடுவில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். ஸ்வீடனின் உயர்கரை எனப்படும் பகுதியில் பழைய கடற்கரைக் கோடு இன்று கடல்மட்டத்திற்கு 286 மீட்டர் உயரத்தில், மலைச்சரிவில் இருக்கிறது! வடபுறத்தில் நிலம் இன்றும் ஆண்டுக்கு 9 மில்லிமீட்டர் வரை எழுந்துகொண்டுதான் இருக்கிறது. பின்லாந்தின் குவார்க்கன் தீவுக் கூட்டத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் புதிய தரை நீரை விட்டு வெளியே வருகிறது.

இதற்கு எதிராக மற்றொன்றும் நடந்தது. உருகிய பனிநீர் உலகக் கடல்களில் சேர்ந்து அவற்றின் மட்டத்தை ஏறத்தாழ 120 மீட்டர் உயர்த்தியது. நமது பாக் நீரிணை போன்ற மேடான நிலப்பகுதிகள் கடலடியானது அவ்வாறே. பால்டிக்கின் வரலாறு இந்த இரண்டுக்கும் இடையே நடந்த போட்டியின் வரலாறு எனலாம். வாசலில் நிலம் முந்தினால் ஏரி, நீர் முந்தினால் கடல்.

கோடைக்கு ஒரு வரி, குளிருக்கு ஒரு வரி

இந்தப் போட்டிக்கு ஆண்டுக்கணக்கு வகுத்தவர் ஜெரார்டு டெ யேர். 1878-இல் ஸ்டாக்ஹோம் பகுதியில் களிமண் வெட்டிய குழிகளின் சுவரில் அவர் ஒன்றைக் கவனித்தார். வெளிர்நிற வரி, கருநிற வரி, மீண்டும் வெளிர், மீண்டும் கரு என்று நூற்றுக்கணக்கான வரிகள். மரத்தின் ஆண்டு வளையங்கள் போல் இவையும் ஆண்டு வரிகளோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. பனிப்பாளத்தின் விளிம்பிலிருந்து கோடையில் பெருகி வரும் உருகுநீர் மணலும் வண்டலும் களிமண்ணும் சுமந்து வந்து எதிரிலுள்ள நீர்நிலையில் கொட்டும். குளிர்காலத்தில் ஓட்டம் நின்றுவிடும்.

மாணவர்கள் இதைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். இயற்பியல் பாடத்தில் வரும் ஸ்டோக்ஸ் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். சிறு கோளம் நீரில் அமிழும் வேகம் அதன் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். உறைநிலைக்கு அருகிலுள்ள அசைவற்ற நீரில், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விட்டமுள்ள வண்டல் துகள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 மீட்டர் அமிழும். 40 மீட்டர் ஆழத்தை அடைய ஒன்பது, பத்து நாள் போதும். அதில் ஐந்தில் ஒரு பங்கு விட்டமுள்ள களிமண் துகளுக்கு 25 மடங்கு காலம் வேண்டும்; அதாவது ஏழு மாதத்திற்கும் மேல்! கோடையில் ஒரே நாளில் ஒன்றாக வந்து சேர்ந்த இரண்டில், வண்டல் அந்தக் கோடையிலேயே படிந்துவிடும். களிமண்ணோ குளிர்காலம் முழுவதும் இறங்கிக்கொண்டிருக்கும். எனவே கீழே பருத்த வெளிர் வரி, அதன்மேல் நுண்ணிய கருவரி. இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. இதற்கு ஸ்வீடிஷ் மொழியில் 'வார்வ்' என்று பெயர். உலகின் பிற மொழிகளிலும் அச்சொல்லே வழங்குகிறது.

ஒரு குழியில் சில நூறு வரிகளே இருக்கும். ஆனால் ஒரு குழியின் மேல்வரிகளும் சற்று வடக்கே உள்ள குழியின் கீழ்வரிகளும் ஒரே தடிப்பு வரிசையைக் காட்டினால் இரண்டையும் கோத்துவிடலாம். 1905-ஆம் ஆண்டுக் கோடையில் டெ யேர் தம் மாணவர்களை ஸ்டாக்ஹோம், உப்சாலா பகுதியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளக் கோட்டில் அங்கங்கே நிறுத்தி, ஒரே சமயத்தில் அளக்கச் செய்தார். காகித நாடாக்களில் வரித் தடிப்புகளைக் குறித்து ஒன்றோடொன்று பொருத்தினார்கள். 1910-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நிலவியல் மாநாட்டில், கடந்த 12,000 ஆண்டுகளின் கணக்கை அவர் வெளியிட்டார். கதிரியக்கக் கார்பன் முறை பிறப்பதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, வெறும் அளவுகோலால் செய்த வேலை இது. பிற்காலச் சோதனையில் இக்கணக்கில் சில நூறு ஆண்டுகள் விடுபட்டிருப்பது தெரிந்தது. அதனால் டெ யேரின் பெருமை குறைந்துவிடாது என்பதே என் கருத்து.

வரிகள் காலத்தை மட்டும் சொல்லவில்லை, உப்பையும் சொல்கின்றன. களிமண் துகள்களின் பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. நன்னீரில் அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு தனித்தனியே மிதக்கும். உப்பு சேர்ந்தால் அதன் நேரயனிகள் இந்த மின்னூட்டத்தை மறைத்துவிடும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி வண்டலோடு சேர்ந்து விரைவாக இறங்கிவிடும். கோடை வரிக்கும் குளிர் வரிக்கும் வேறுபாடு மங்கிவிடும். எனவே தெளிந்த வரிகளுக்கு நடுவே திடீரென்று கலங்கிய வரிகள் தோன்றினால், அந்த ஆண்டுகளில் உப்புநீர் உள்ளே புகுந்தது என்று பொருள். கலங்கல் நீரை இரு குவளைகளில் எடுத்து, ஒன்றில் மட்டும் கல்லுப்பைக் கரைத்து வைத்துப் பாருங்கள். எது முதலில் தெளிகிறது என்பது தெரிந்துவிடும்.

சிப்பியும் நத்தையும் தந்த பெயர்கள்

இனி அந்த நான்கு பெயர்களுக்கு வருவோம். பனிப்பாளம் வடக்கே பின்வாங்கியபோது, அதன் தென்விளிம்பில் உருகுநீர் தேங்கிப் பெரிய ஏரியானது. இதற்குப் பால்டிக் பனியேரி என்று பெயர். ஏறத்தாழ 16,000 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கிய இந்த ஏரி, மேற்கே பனியாலேயே அடைபட்டுப் பெருங்கடலைவிட 25 மீட்டர் உயரத்தில் நின்றது. ஸ்வீடனின் நடுவே பில்லிங்கன் என்றொரு குன்று இருக்கிறது. சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன்பு பனிவிளிம்பு அக்குன்றின் வடமுனையை விட்டு விலகியதும் அணை உடைந்தது. ஓரிரு ஆண்டுகளுக்குள் அந்த 25 மீட்டர் நீரும் மேற்குக் கடலில் பாய்ந்தது. வழிந்த நீரின் அளவு ஏழாயிரம் கன கிலோமீட்டருக்கும் மேல். குன்றின் அடிவாரத்தில் அந்த வெள்ளம் புரட்டிப்போட்ட பாறைக்குவியல்கள் இன்றும் உள்ளன.

அடுத்தது யோல்டியா கடல். வடதுருவப் பகுதியில், பனியாறு கடலில் இறங்கும் இடங்களில் வாழும் சிறு சிப்பி ஒன்றுக்கு அக்காலத்தில் யோல்டியா என்று பெயர். இன்று அதன் அறிவியற் பெயர் மாறிவிட்டது. கடலின் பெயர் மட்டும் மாறவில்லை. இச்சிப்பி ஸ்டாக்ஹோம் பகுதிக் களிமண்ணில் கிடைத்தது. அப்படியானால் உப்புநீர் அங்கே வந்திருக்க வேண்டும், அதுவும் உறைகுளிர் நீராக. ஆனால் யோல்டியா காலம் ஏறத்தாழ 1000 ஆண்டுகள் நீடித்திருக்க, அதில் உப்புநீர் புகுந்தது சில நூறாண்டுகள்கூட இல்லை என்பதைக் கலங்கிய வரிகளை எண்ணித்தான் கண்டார்கள். சிப்பி மட்டும் இதைச் சொல்லியிருக்காது.

நடு ஸ்வீடனில் நிலம் எழுந்து அந்த வாசல் மூடிக்கொண்டது. ஏறத்தாழ 10,700 ஆண்டுகளுக்கு முன்பு பால்டிக் மீண்டும் நன்னீர் ஏரியாயிற்று. எஸ்டோனியாவின் பழைய கரைமேடுகளில் ஆற்றில் வாழும் ஒருவகைச் சிறு நத்தையின் ஓடுகளை ஷ்மிட் என்பவர் 1869-இல் கண்டிருந்தார். கடற்கரை மேட்டில் ஆற்று நத்தைக்கு என்ன வேலை? 1887-இல் ஹென்ரிக் முந்தே அதே ஓடுகளை காட்லாந்து தீவில் கண்டபோது விடை கிடைத்தது. அது கடற்கரையே அன்று, ஏரிக்கரை. நத்தையின் பெயரால் அது ஆன்சிலஸ் ஏரி எனப்பட்டது. இந்த ஏரி எங்கே வழிந்தது என்பது பற்றி நீண்ட நாள் சண்டை நடந்தது. மகரந்த ஆய்வைத் தோற்றுவித்த லென்னார்ட் ஃபான் போஸ்ட் முதலியோர், நடு ஸ்வீடனில் 'ஸ்வேயா ஆறு' என்னும் பேராறு ஓடியதாகக் கூறினர். அழகிய கருத்துதான், பின்வந்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை.

இறுதியில் உலகக் கடல்மட்டம் உயர்ந்து டென்மார்க்கின் கால்வாய்கள் வழியே உப்புநீர் மெல்ல நுழைந்தது. சுமார் 8,500 ஆண்டுகளுக்கு முன்பு லிட்டோரினா கடல் உருவாயிற்று. லிட்டோரினா என்பது பாறைக்கரையில் ஒட்டி வாழும் கடல் நத்தை. இன்று அது பால்டிக்கின் தென்மேற்கு மூலையோடு நின்றுவிடுகிறது. அக்காலத்தில் அதற்கு வெகு வடக்கேயும் வாழ்ந்தது; அந்நாளைய பால்டிக் இன்றையதைவிட உப்பானது என்பதற்கு அது சான்று. ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் உப்பு உச்சத்தில் இருந்தது. பிறகு வாசல் குறுகக் குறுக நீர் இன்றைய நிலைக்கு வந்தது.

வேதியியலார் வீட்டு நுண்ணோக்கி

ஆழ்கடல் சேற்றில் நத்தை ஓடு எளிதில் கிடைக்காது. அங்கே கைகொடுப்பவை டயாட்டம் என்னும் நுண்பாசிகள். கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடுடைய இவற்றில் நன்னீருக்கு உரிய இனங்கள் வேறு, உவர்நீருக்கு உரியவை வேறு. ஒரு சிட்டிகைச் சேற்றில் ஆயிரக்கணக்கான ஓடுகள் இருக்கும். இத்துறையில் பெயர்பெற்றவர் உப்சாலாவின் பேர் தியோடர் கிளீவ. 1879-இல் ஹோல்மியம், தூலியம் என்னும் இரு தனிமங்களைக் கண்ட வேதியியலாரும் அவரே. தந்தையின் வழியில் வந்த மகள் ஆஸ்ட்ரிட் கிளீவ 1898-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஸ்வீடனில் அறிவியலில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவர். பிற்காலத்தில் ஸ்வீடன், பின்லாந்து டயாட்டங்கள் பற்றிப் பெருநூல் எழுதினார். பால்டிக்கின் வரலாறு பற்றி மற்றவர்கள் ஒப்புக்கொண்ட கருத்தை அவர் ஒப்பவில்லை. கடைசி வரை தனித்து நின்று வாதாடினார். வாதத்தில் அவர் வெல்லவில்லை. ஆனால் அவர் வரைந்து பெயரிட்ட இனங்களை வைத்துத்தான் எதிர்த்தரப்பாரும் தங்கள் எல்லைகளைக் குறித்தார்கள். 1970-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற உல்ஃப் ஃபான் ஆய்லர் இவருடைய மகன்.

சேற்றை அப்படியே எடுக்கும் கலை

இவ்வளவும் அடுக்குக் கலையாத சேறு கிடைத்தால்தான். கனமான குழாயைக் கடலடியில் இறக்கிக் குத்தி எடுப்பது பழைய முறை. குழாய் உள்ளே போகப் போகச் சுவரின் உராய்வு மிகுந்து சேறு மேலேற மறுக்கும். குழாய் வெறுமனே சேற்றைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு இறங்கும். ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் கிடைப்பது அரிது. 1940-களில் ஸ்வீடனின் பொரியெ குல்லன்பெர்க் இதற்கு ஒரு வழி கண்டார். குழாய்க்குள் ஓர் உந்துதண்டு. அது கம்பியால் கட்டப்பட்டுச் சேற்றின் மேற்பரப்பில் அசையாமல் நிற்கும். குழாய் மட்டும் அதைச் சுற்றிக் கீழே இறங்கும். உந்துதண்டுக்கும் சேற்றுக்கும் நடுவே வெற்றிடம் உண்டாக முடியாதவாறு மேலேயுள்ள கடல்நீரின் அழுத்தம் சேற்றைக் குழாய்க்குள்ளேயே நிறுத்தி வைக்கும். மருத்துவர் ஊசிக்குழலில் மருந்தை இழுப்பதும் இதே தத்துவந்தான். இப்போது பத்து, பதினைந்து மீட்டர் நீளச் சேற்றுத் தூண் அடுக்குக் குலையாமல் வந்தது.

1947-48-இல் உலகைச் சுற்றிய 'அல்பட்ராஸ்' கப்பல் இக்கருவியோடுதான் புறப்பட்டது. பயணத்தின் தலைவர் ஹான்ஸ் பெட்டர்சன் ஓர் இயற்பியலார். 1920-களில் வியன்னாவில் அணுப்பிளவுச் சோதனை செய்து, ரூதர்ஃபோர்டின் கேம்பிரிட்ஜ் கூடத்தோடு மோதித் தோற்றவர். அணுவில் கிடைக்காத புகழ் அவருக்குச் சேற்றில் கிடைத்தது!

கருத்த சேறும் இன்றைய வழக்கும்

லிட்டோரினா காலத்துச் சேற்றை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் சில பகுதிகளில் மெல்லிய வரிகள் தாள்தாளாகத் தெரியும். சில பகுதிகள் ஒரே குழப்பமாக இருக்கும். குழப்பமாக இருப்பதே நல்ல அறிகுறி. புழுக்களும் சிப்பிகளும் அங்கே வாழ்ந்து சேற்றை உழுதிருக்கின்றன. வரி கலையாமல் இருந்தால் உழுவதற்கு உயிர் இல்லை, அதாவது அடிநீரில் பிராணவாயு இல்லை என்று பொருள். உப்புநீர் கனமானதால் அடியில் தங்கிவிடும்; மேலே நன்னீர் மூடிபோல் கிடக்கும். இரண்டும் கலவாதபோது, மேலிருந்து விழும் இறந்த பாசிகள் அழுகியே அடியிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகும். இந்தக் கருத்த சேற்றில் படிப்பவர் ஏமாறும் இடமும் ஒன்று உண்டு. ஆன்சிலஸ் ஏரியின் நன்னீர்க் களிமண்ணிலும் கந்தகம் கலந்த கரிய பட்டைகள் காணப்படும். அவை ஏரிக்காலத்தவை அல்ல. பின்னர் மேலே படிந்த லிட்டோரினா சேற்றிலிருந்து கந்தகச் சேர்மம் கீழே ஊறி இறங்கி அங்குள்ள இரும்போடு சேர்ந்து உண்டானவை.

இத்தகைய உயிரற்ற காலங்கள் மூன்று என்று சேறு காட்டுகிறது. முதலாவது ஏறத்தாழ 8,000 முதல் 4,000 ஆண்டுகளுக்கு முன்பு. இரண்டாவது 2,000 முதல் 800 ஆண்டுகளுக்கு முன்பு வரை விட்டுவிட்டு. மூன்றாவது 1900 அளவில் தொடங்கி இன்றும் தொடர்வது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிராணவாயுக் குறைந்த அடிநிலம் சுமார் 5,000 சதுர கிலோமீட்டர். அண்மை ஆண்டுகளில் அது 60,000-க்கும் மேல். காட் மீனின் முட்டை உப்பு மிகுந்த ஆழ்நீரில்தான் மிதக்கும், மேல்நீரில் மூழ்கிவிடும். அந்த ஆழ்நீரில் பிராணவாயு இல்லையென்றால் முட்டை பிழைக்காது. 2019-இல் கிழக்குப் பால்டிக்கில் காட் மீன் பிடிப்பதற்கே ஐரோப்பிய ஒன்றியம் தடை விதிக்க வேண்டியதாயிற்று. இதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் பிராணவாயுக் குறைவு முக்கியமானது.

இங்கேதான் பழைய சேறு வழக்காடு மன்றத்துக்கு வருகிறது. 'முன்பும் இப்படி நடந்திருக்கிறதே, வயல் உரத்தையும் நகரக் கழிவையும் ஏன் குறை சொல்கிறீர்கள்?' என்று கேட்போர் உண்டு. முதல் காலத்தில் பயிர் உரம் ஏது? உண்மை. ஆனால் அக்காலத்து டயாட்டங்கள் அந்நாளைய கடல் இன்றையதைவிட உப்பானது என்றும் சொல்கின்றன. உப்பு மிகுந்தால் அடிநீர் கலக்காது. காரணம் அங்கேயே இருக்கிறது. இன்று உப்பு அந்த அளவில் இல்லை, இருந்தும் அடிநிலம் மூச்சுத் திணறுகிறது. எனவே இம்முறை வேறொரு காரணம் சேர்ந்திருக்க வேண்டும். உரத்திலும் கழிவிலும் வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் அது என்பதில் எனக்கு ஐயமில்லை. இடைக்காலத்து இரண்டாம் நிகழ்ச்சிக்கு வெப்பம் காரணமா, காடழித்து உழுதது காரணமா என்பதில் மட்டும் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

2013-இல் 'கிரேட்ஷிப் மனிஷா' என்னும் கப்பல் பால்டிக்கின் பல இடங்களில் துளையிட்டு, மொத்தம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளச் சேற்றுத் தூண்களை எடுத்து வந்தது. கரையோர நாடுகள் 1974-இல் ஹெல்சிங்கியில் செய்துகொண்ட உடன்பாட்டின் பயனாக, 1980-களிலிருந்து கடலில் சேரும் உரச்சத்து குறைந்தும் இருக்கிறது. ஆனால் அடிநிலம் அதற்கேற்ப மீளவில்லை. பிராணவாயு உள்ளபோது சேற்றிலுள்ள இரும்பு பாஸ்பரசைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிராணவாயு போனதும் அந்தப் பிடி தளர்ந்து, தாத்தா காலத்து வயலிலிருந்து வந்த பாஸ்பரசும் மீண்டும் நீரில் கரைந்து மேலே வருகிறது. கோடையில் பாசி செழிக்கிறது. அது செத்து அடியில் விழுந்து, மிச்சமிருக்கும் பிராணவாயுவையும் தீர்த்துவிடுகிறது.